காற்றின் மேல் வழக்கு

"காற்றின் மேல் கேஸ் போட முடியுமா, சார்?"

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று இப்படிக் கேட்டான். இரும்புலியூரில், பெருஞ்சாலை இரைச்சல் சன்னல் வழியே ஓயாது வந்து விழும் வகுப்பறை. ஆடிக் காற்று. எதிரே, எவர் வீட்டுத் திருமணத்துக்கோ நட்ட பதாகை ஒன்று, ஒரு மூலை அறுந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த நினைவு வந்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதை, அந்தச் செய்தியை மறந்துவிட்டவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில், பணி முடிந்து இரு சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தார் ஓர் இளம் பொறியாளர். சாலையின் நடுத்திட்டில், அன்றைய ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தம் இல்லத் திருமணத்துக்காக, அனுமதியின்றி வரிசையாகப் பதாகைகள் நட்டிருந்தார். அவற்றுள் ஒன்று சாய்ந்து அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. அவர் நிலை குலைந்து சாலையில் வீழ்ந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. நாடு பதறிற்று; உயர்நீதிமன்றம் கொதித்தது; கட்சிகள் அறிக்கை விட்டன. சில நாட்கள் சென்றபின், ஆளுங்கட்சியின் மூத்தவர் ஒருவர் பேட்டியில் திருவாய் மலர்ந்தார்: பதாகையை வைத்தவரா அதைத் தள்ளிவிட்டார்? வழக்குப் போடுவதானால் காற்றின் மேலல்லவா போட வேண்டும்!

மாணவன் கேட்டது இதைத்தான்.

இது ஒருவரின் வாய் தவறிய சொல் என்று தள்ளிவிடலாம். ஆனால் தள்ள இடமில்லை. 2014 சூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேரை விழுங்கிற்று. வயிற்றுப் பாட்டுக்காக வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்களே அவர்களிற் பெரும்பாலோர். அப்போது கட்டியவர் தரப்பிலிருந்து வந்த விளக்கம் என்ன? மின்னல்! அங்கே மின்னல், இங்கே காற்று. தேநீர்க் கடையில் நின்று கேட்டாலோ, இரண்டுக்கும் ஒரே விடை: "அவங்க விதி."

தலைவிதி என்போரைப் பார்த்து நகைப்பது நமக்குப் பழக்கம். நகைத்து நகைத்து அலுத்தும் விட்டது. ஆனால் காற்று என்போரையும் மின்னல் என்போரையும் அவ்வளவு எளிதில் நகைத்துவிட முடியுமா? அவர்கள் சாமியைச் சாட்டவில்லை, கிரகத்தைச் சாட்டவில்லை, இயற்கையைச் சாட்டுகிறார்கள். பகுத்தறிவாளர் பேசும் மொழியையே பேசுகிறார்கள்! உண்மையில் அறிவியலைக் கூப்பிட்டுக் கேட்டாலும் அது என்ன சொல்லும்? பதாகையைச் சாய்த்தது காற்றின் அழுத்தம். கீழே கொண்டுவந்தது புவியீர்ப்பு. லாரியை நிற்கவிடாமல் தள்ளியது நிலைமம் என்றுதான் சொல்லும். அப்படியானால் எல்லாம் இயற்கை விதிப்படி நடந்தது. எவர் மேல் குற்றம்? தோழரே, இந்தக் கேள்வியை நேரே நின்று சந்திக்காத பகுத்தறிவு, பாதிப் பகுத்தறிவு.

நாம் படித்தது கலைப் பாடம், இயற்பியல் அன்று. ஆயினும் பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும், மூவரையும் கூண்டில் ஏற்றிப் பார்த்தோம்.

முதலில் புவியீர்ப்பு.

ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு — எது கனம் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் மடக்குவார்கள். (ஊர்ப் பெயரிலேயே இரும்பு ஒலிப்பதால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரும்பின் கட்சி!) இரண்டையும் மாடியிலிருந்து போட்டால் எது முதலில் தரை தொடும் என்று நாம் கேட்டோம். ஒரே குரலில் "இரும்பு" என்றனர். ஏன்? "கனம், சார்." கனமானது விரைந்து விழும் — இப்படித்தான் அரிஸ்டாட்டிலும் சொன்னார். எடை எவ்வளவு மிகுதியோ, வீழ்ச்சி அவ்வளவு விரைவு என்றார். ஏறத்தாழ 1900 ஆண்டுக் காலம் உலகம் அதை நம்பிற்று. அதற்கு அவர் காட்டிய காரணம் நமக்கு மிகவும் பழக்கமான காரணம். ஒவ்வொரு பொருளுக்கும் பிறவியிலேயே ஓர் 'இயல்பான இடம்' உண்டாம். மண்ணுக்கு இடம் கீழே, நெருப்புக்கு இடம் மேலே. தத்தம் இடம் நாடியே அவை ஓடுகின்றனவாம். முகத்தில் பிறந்தவன் மேலே, காலில் பிறந்தவன் கீழே என்று இங்கே எழுதி வைத்தவர்கள் கிரேக்கம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் பாருங்கள், மேலிருப்பவர் சிந்தனை எந்நாட்டிலும் எப்படி ஒத்துப் போகிறது!

1586-இல் டச்சு நாட்டு டெல்ஃப்ட் நகரில் சைமன் ஸ்டெவின் என்பவர், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு கனமான இரு ஈயக் குண்டுகளை முப்பதடி உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் கீழிருந்த பலகை மேல் போட்டார். பத்து மடங்கு வேறுபாடு கேட்கவில்லை. ஒரே ஒலி கேட்டது. பின்னர் கலீலியோ, சாய்தளங்களில் குண்டுகளை உருட்டி, நேரத்தை அளந்து, கணக்காகவே காட்டினார்.

வகுப்பில் அவ்வளவு தொல்லை வேண்டியதில்லை. ஒரு தடித்த நூலையும் ஒரு தாளையும் தனித்தனியே போட்டோம். தாள் ஆடி அசைந்து பின்னால் வந்தது. அதே தாளை நூலின் அளவுக்கு மடித்து, நூலின் மேல் வைத்துப் போட்டோம். இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஒன்றாக வந்தன. தாளின் எடை கூடவில்லை. அதன் வழியிலிருந்த காற்றை நூல் விலக்கிக் கொடுத்தது. அவ்வளவே. கனமான பொருளைப் புவி மிகுதியாக இழுக்கிறது, உண்மை. ஆனால் கனமான பொருள் அசைய மறுப்பதும் அதே அளவு மிகுதி. ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிடுகிறது. ஆகவே வெற்றிடத்தில் இரும்பும் இறகும் சமம். 1971 ஆகஸ்டு 2-ஆம் நாள், காற்றில்லாத நிலவின் தரையில் நின்று, டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து வல்லூற்றின் இறகையும் ஒரே சமயத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

நம் ஊரிலேயே இதை அளந்தும் இருக்கிறார்கள். 1821-இல், சென்னை வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி அளந்தார். சென்னையில் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.78 மீட்டர் வீதம் கூடுகிறது. இலண்டனில் 9.81. புவி நடுக்கோட்டுப் பகுதியில் சற்றே புடைத்திருப்பதாலும் தன்னைத் தானே சுற்றுவதாலும் வரும் சிறு வேறுபாடு இது. 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து காய் ஒன்று விழுந்தால், இரண்டு வினாடியில் தரைக்கு வரும். வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு ஒரு வினாடி கூட வேண்டாம். கீழே நிற்பவர் பெண்ணா ஆணா, நல்லவரா தீயவரா, எந்தச் சாதி, எந்தக் கட்சி — புவியீர்ப்பு எதையும் கேட்பதில்லை. நேற்றும் 9.78, இன்றும் 9.78. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

அடுத்தவர் நிலைமம். நம் தந்தையார் காலத்துப் பாடநூல் இதனைச் சடத்துவம் என்றது. நின்றது நிற்கவே பார்க்கும். ஓடுவது ஓடவே பார்க்கும். தாம்பரத்தில் ஏறி, குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையே மின்தொடர் சீராக ஓடும்போது ஒரு நாணயத்தை மேலே சுண்டிப் பாருங்கள். பின்னால் இருப்பவர் மடியில் விழாது. உங்கள் கைக்கே வரும். வண்டியின் ஓட்டம் நாணயத்துக்கும் சொந்தம். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கைப் போட்டால் மட்டும், நின்றிருப்பவர் எல்லாரும் முன்னே சாய்வர். வண்டி வேகம் இழந்தது, அவர்கள் உடல் இழக்கவில்லை.

இந்த நாணயம் சிறு பொருள் அன்று. கி.பி. 499-இல், 23 வயது இளைஞராகிய ஆரியபட்டர், விண்மீன்கள் சுழலவில்லை, புவியே சுழல்கிறது என்று எழுதினார். ஓடத்தில் செல்பவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகிறதே, அதுபோல என்று உவமையும் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் மறுத்தார்: புவி சுழன்றால், வானில் பறந்த பறவைகள் மீண்டும் தம் கூட்டுக்கு எப்படி வந்து சேரும்? நல்ல கேள்வி! கேள்வி கேட்டவரை நாம் குறை சொல்லோம். ஆனால் விடை, ஆரியபட்டர் காட்டிய அதே ஓடத்தில் கிடந்தது. ஓடும் ஓடத்தில் ஒருவன் ஒரு காயை மேலே போட்டுப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். போட்டுப் பார்க்கவில்லை. பின்வந்த உரைகாரர் சிலர், ஆசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் சொல்லுக்கே வேறு பொருள் எழுதினர். ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது; அங்கே கலீலியோ கப்பலைக் காட்டி விடை சொன்னார். சொன்னவரைத் திருச்சபை 1633-இல் மண்டியிடச் செய்து, வாழ்நாள் முழுதும் வீட்டுக் காவலில் வைத்தது. இங்கே உரை எழுதி அடக்கினார்கள். அங்கே காவல் வைத்து அடக்கினார்கள். அதுதான் வேறுபாடு.

பள்ளிக்கரணைச் சாலைக்குத் திரும்புவோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு, மூளை அறிந்து, கால் பிரேக்கை அமுக்குவதற்குள் அந்த ஒரு வினாடி போய்விடும். அதன் பிறகுதான் 12,000 லிட்டர் நீர், அதாவது 12 டன், நிற்கத் தொடங்க வேண்டும். நீரோ தொட்டிக்குள் முன்னே பாயும். ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும் நிலைமம் அவருக்கு இரங்குவதில்லை. (அந்த ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன, தென்புறநகர் முழுதும் லாரி நீரை நம்பிக் கிடந்தது. சதுப்பையும் ஏரிகளையும் தூர்த்துவிட்டு, தண்ணீரைச் சக்கரத்தின் மேல் ஏற்றி ஓட்டுகிறோம். அது வேறு வழக்கு. அதையும் ஒரு நாள் எடுப்போம்.)

மூன்றாமவர்தான் முதற் குற்றவாளி என்று சாட்டப்பட்டவர் — காற்று.

பாவம், காற்று! அது செய்யும் உதவியை ஒருவரும் எண்ணுவதில்லை. இரண்டு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து வரும் மழைத்துளி, காற்று தடுக்காவிட்டால் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மண்டையில் இறங்கும். ஐப்பசி அடைமழையில் ஒருவரும் உயிரோடு வீடு சேரமாட்டார். காற்று தடுப்பதால், பெருந்துளி கூட மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரோடு அடங்கிவிடுகிறது. விழும் பொருள் விரையும்தோறும் காற்றின் தடையும் வளரும். இழுப்பும் தடையும் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடும். குடை விரித்து விமானத்திலிருந்து குதிக்கும் படைவீரர் உயிர் பிழைப்பது அந்தச் சமன்பாட்டின் மேல் வைத்த நம்பிக்கையால். அகன்ற பரப்பு, மிகுந்த தடை. அவ்வளவே சூத்திரம்.

அந்தச் சூத்திரத்தைத்தான் பதாகை தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. பத்தடி அகலம், எட்டடி உயரம் என்று ஒரு பதாகையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேரே மோதினால், ஏறத்தாழ 50 கிலோ எடையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததற்கு ஒப்பு. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு: 200 கிலோ! அதைத் தாங்குவது என்ன? இரண்டு சவுக்குக் கட்டை, கொஞ்சம் கயிறு, ஓரடிக் குழி. பாய்மரம் கட்டத் தெரிந்தவன் கூடக் காற்று மிகும்போது பாயைச் சுருட்டுவான். நம்மவர், பாயைக் கட்டிச் சாலை நடுவே நிறுத்திவிட்டு மொய் வாங்கப் போய்விடுகிறார்கள்.

"அவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? படிக்காதவர்கள்" என்று ஒருவர் நம்மிடம் வாதிட்டார். நாம் அவரைச் சன்னலண்டை அழைத்துப் போய் எதிரே இருந்த பதாகையைக் காட்டினோம். உற்றுப் பாருங்கள், நீங்களும் கண்டிருப்பீர்கள்: பதாகையின் நடுநடுவே பிறை வடிவில் கத்தியால் கீறிய ஓட்டைகள். மணமக்கள் முகத்தை ஒதுக்கி, எழுத்தை ஒதுக்கி, அழகு கெடாமல் கீறியிருப்பார்கள். எதற்கு? காற்று போக! கட்டுபவருக்குத் தெரியும், கட்டச் சொன்னவருக்கும் தெரியும். அந்தப் பிறை ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம். "காற்று வரும், வந்தால் இது சாயும்" என்று கையெழுத்திட்டுவிட்டு, சாய்ந்தபின் காற்றைக் காட்டுகிறார்கள்.

இங்கேதான் நாம் தேடிய விடை இருக்கிறது. 9.78 என்பது நேற்றும் இன்றும் மாறவில்லை என்றோமே, அதை இப்போது எடுங்கள். கல் ஒன்று விழுவதும் விழாமலிருப்பதும் ஏதோ ஒரு தேவனின் மனநிலையைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று அருள் செய்து தாங்குவான், நாளை சினந்து தள்ளுவான். அப்படிப்பட்ட உலகில் பதாகை நட்டவனைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. தேவன் தள்ளினான், அவன் என்ன செய்வான்! வாயு பகவானுக்கு அழைப்பாணை அனுப்புவதே அந்த உலகில் நியாயம். ஆனால் இந்த உலகில் காற்றுக்கு மனமில்லை, ஈர்ப்புக்குக் கோபமில்லை, நிலைமத்துக்கு ஓரவஞ்சனை இல்லை. என்ன செய்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. முன்கூட்டித் தெரிவதால்தான், செய்தவன் பொறுப்பாளி ஆகிறான். இயற்கை விதி மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கவில்லை. முழுப் பொறுப்பையும் கொண்டுவந்து அவன் தலையிலேயே வைக்கிறது.

இதற்கு நூலிலிருந்து மேற்கோள் வேண்டியதில்லை, மௌலிவாக்கமே சான்று. 2014-இல் ஒரு கட்டடம் சரிந்தது. மின்னல் அன்று, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகள் என்று வல்லுநர் ஆராய்ந்து சொன்னார்கள். அதே வளாகத்தில், அதே 11 மாடி உயரத்தில் இன்னொரு கட்டடம் நின்றது. அதனையும் இடிக்க முடிவாயிற்று. 2016 நவம்பர் 2-ஆம் நாள், சுற்றியிருந்தவர்களை வெளியேற்றி, தூண்களில் வெடிமருந்து வைத்து வீழ்த்தினார்கள். வெடிமருந்து செய்தது, தூண்களை அறுத்தது மட்டும். மீதியைச் செய்தது புவியீர்ப்பு. சில நொடியில் 11 மாடியும் மண்ணாயின; ஓர் உயிர் போகவில்லை. அதே இடம், அதே 9.78. முன்னதில் 61 பிணம். பின்னதில் புழுதி மட்டும். இடையில் மாறியது இயற்கையா?

நண்பர் ஒருவர், கல்லூரியில் மெய்யியல் படித்தவர், நம்மை விடவில்லை. "மனிதனும் இயற்கையின் பகுதிதானே? அவன் மூளையும் விதிப்படி இயங்குவதுதானே? பதாகை விழுந்ததற்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாதென்றால், பதாகை வைத்தவன் மூளையை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறாய்?" என்றார். எளிதில் தட்டிவிடக் கூடிய கேள்வி அன்று. இரண்டு இரவு இதனோடு கிடந்தோம். நமக்குத் தோன்றிய விடை இது: காற்றிடம் போய் "வீசாதே" என்று சொல்ல முடியாது, சொன்னாலும் கேளாது. அந்த மனிதரிடம் சொல்ல முடியும்; சொல்லப்பட்டும் இருந்தது. சாலையோரப் பதாகைகளுக்கு எதிராக உயர்நீதிமன்றம் அதற்கு முன்பே ஆணைகள் பிறப்பித்திருந்தது. அன்று அந்தச் சாலையில் நிகழ்ந்தவற்றுள், முன்கூட்டிச் சொன்னால் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளக் கூடிய பொருள் மனிதன் ஒருவன்தான். பொறுப்பு என்ற சொல்லுக்கு அதற்கு மேல் வேறு பொருள் வேண்டியதில்லை. நண்பருக்கு முழு நிறைவு இல்லை. "சொல்வதைக் கேட்பதும் கேளாததும் அவன் கையிலா?" என்றபடியே போனார். வாதம் இன்னும் நடக்கிறது.

தமிழில் ஒரு தொல்லை உண்டு. இயற்கை விதி என்கிறோம், தலைவிதி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ஒன்று, எல்லார்க்கும் பொது, எவரும் சோதித்துப் பார்க்கலாம். மற்றது, ஆளுக்கொன்று, நடந்து முடிந்த பின்னரே தெரியவரும். முன்னது எச்சரிக்கை. பின்னது சமாதானம். இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு திரிவதால், குற்றவாளிக்கு எவ்வளவு வசதி! தேநீர்க் கடையில் "விதி" என்றவர் தலைவிதியைச் சொன்னார். பேட்டியில் "காற்று" என்றவர் இயற்கை விதியைச் சொல்வதுபோலச் சொன்னார். இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: ஒருவரும் பொறுப்பில்லை. பழைய வைதிகம் காவி கட்டி வந்தபோது அடையாளம் கண்டுகொண்டோம். அது வேட்டியைக் கரைமாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாலும் அடையாளம் காண வேண்டாமா?

கரை என்றதும் நம் வேட்டியின் கரை உறுத்துகிறது. உண்மையைப் பேசுவோம். பதாகையும் பெருவடிவ உருவமும் ஒரு கட்சியின் தனிச்சொத்து அல்ல. சிலைக்குப் பாலூற்றாதே என்று மேடையில் முழங்கிய நாமே, தலைவர் படத்தை நாற்பதடி உயரத்தில் நிறுத்தி, வண்ண விளக்குப் போட்டு, சாலையைத் தோண்டியிருக்கிறோம். ஈரோட்டிலிருந்து வந்த சொல், ஆளை நிமிர்ந்து பார்க்கச் சொன்னது, உருவத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. அடுத்தவர் பதாகை விழுந்தால் கொலை, நம்முடையது விழுந்தால் காற்று — இந்தக் கணக்கு நம் பாசறைகளிலும் மெல்ல நுழைந்திருக்கிறது.

மாணவன் கேட்ட அந்த வாரமே நமக்குச் சோதனை வந்தது. ஞாயிறு மாலை, இரும்புலியூரில் பகுத்தறிவுக் கருத்தரங்கு. நாமும் ஒரு பேச்சாளர். சனியன்று மாலை அவ்வழியே போனபோது, சாலையோரம் இரு இளைஞர் சவுக்குக் கட்டை நட்டுக்கொண்டிருந்தனர். பத்துக்கு எட்டு. தலைவர்கள் படத்துக்குக் கீழே, வட்டத்துக்குள், நம் முகம்; பக்கத்தில் நம் பெயர், பட்டத்தோடு. ஒருவர் கையில் கத்தி. நம் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிறை கீறிக்கொண்டிருந்தார்.

"எதற்குத் தம்பி ஓட்டை?" என்றோம்.

"காத்து போவணும், சார். இல்லேன்னா ராத்திரிக்கே சாஞ்சிடும்."

"ஓட்டை போட்டால் சாயாதா?"

அவர் கட்டையை ஒரு முறை அசைத்துப் பார்த்தார். "ரெண்டு நாள் தாங்கும், சார்."

செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். முதலில் அவர் நம்பவில்லை, பிறகு வருந்தினார், பிறகு சினந்தார். அச்சுக் கூலி கொடுத்தாயிற்று, கூட்டத்துக்கு ஆள் வர வேண்டாமா, எல்லாரும் வைக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் — எல்லாம் சொன்னார். தவறான மனிதர் அல்லர். தம் கைப்பணத்தில் நூலகம் நடத்துபவர். அரை மணி நேரம் பேசினோம். இறுதியில், "கழற்றச் சொல்லுங்கள், ஆனால் கூட்டம் குறைந்தால் நீங்கள்தான் பொறுப்பு" என்றார்.

கூட்டம் குறையத்தான் செய்தது. முப்பது பேர் வந்திருந்தனர். நாற்காலி இருபதுதான். மீதிப் பேர், கழற்றிய பதாகையைத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்து கேட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவனும் தந்தையோடு வந்திருந்தான். கூட்டம் முடிந்து எழும்போது, தான் உட்கார்ந்திருந்தது எவர் முகத்தின் மேல் என்று குனிந்து பார்த்தான்.